ஒரு தெருமுனை, இரண்டு நாட்கள்

மதுரையில் உங்கள் தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்பார்மரையும், அதன் நிழலில் இருக்கும் டீக்கடையையும், பின்னால் பாதி அழிந்துபோன சுவர் விளம்பரத்தையும் சேர்த்து ஒரு படம் எடுத்திருப்பதாகவும், அதைப் பார்த்த நண்பர்கள் "இதில் என்ன இருக்கிறது?" என்று சிரித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அமெரிக்காவில் ஒருவர் எடுத்த பெட்ரோல் பங்க் படம் அருங்காட்சியகச் சுவரில் தொங்குகிறதே, அதில் மட்டும் என்ன இருக்கிறது என்றும் கேட்கிறீர்கள். கேள்வியில் கொஞ்சம் கோபம் தெரிகிறது, அதில் தவறில்லை. இந்த வகைப் படங்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், "சாதாரணத்தில் ஒளிந்திருக்கும் அழகு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வாக்கியம் எதையும் விளக்குவதில்லை. பெட்ரோல் பங்கில் அழகு எதுவும் ஒளிந்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அது பெட்ரோல் போடும் இடம், அவ்வளவுதான். படம் எடுத்தவர் எங்கே நின்றார், எதைச் சட்டகத்துக்குள் விட்டார், எதை விளிம்பில் வெட்டினார் என்பதைப் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

நீங்கள் குறிப்பிடுவது அநேகமாக ஸ்டீபன் ஷோர் எடுத்த படமாக இருக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பெவர்லி பூல்வார்டும் லா பிரேயா அவென்யூவும் சந்திக்கும் இடத்தை 1975 ஜூன் 21 அன்று எடுத்த வண்ணப்படம் அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. செவ்ரான் பெட்ரோல் நிலையம், உயரமான பெயர்ப்பலகைகள், விளக்குக் கம்பங்கள், மின்கம்பிகள், கார்கள், வெளிறிய வானம் என்று அந்த ஊர்க்காரர்கள் தினமும் கடந்துபோன ஒரு நாற்சந்தி. தலைப்பில்கூட இடத்தின் பெயரும் தேதியும்தான் இருக்கின்றன.

ஷோர் 1947-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே அவருடைய படங்களை அந்த அருங்காட்சியகம் வாங்கியது. பதின்பருவத்தின் கடைசி ஆண்டுகளில் பாப் ஓவியர் ஆண்டி வார்ஹோலின் கலைக்கூடத்தில் கேமராவோடு சுற்றிக்கொண்டிருந்தார். 1972-இல் சிறிய 35 மி.மீ. கேமராவை எடுத்துக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பி, சாப்பிட்ட தட்டு, படுத்த கட்டில், விடுதிக் கழிப்பறை, வழியில் சந்தித்தவர்கள் என்று நாட்குறிப்பு எழுதுவதைப் போல எடுத்துத் தள்ளினார். அந்தப் படங்களைப் பெரிதாக அச்சிட்டபோது அக்காலத்து வண்ண ஃபிலிம் தாங்கவில்லை. மணல் மணலாகச் சிதறியது. அதனால் பெரிய துருத்திக் கேமராவுக்கு மாறினார், கடைசியில் 8-க்கு 10 அங்குல ஃபிலிமில் வந்து நின்றார். 35 மி.மீ. ஃபிலிமைவிட அதன் பரப்பு ஏறக்குறைய 60 மடங்கு. முக்காலியில் நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துச் சட்டகத்தை முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு தாளும் விலை உயர்ந்தது. பத்து எடுத்து ஒன்றைத் தேறவைக்கலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. எளிமையான படம் வேண்டும் என்ற ஆசை அவரை மிகச் சிரமமான கருவியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது வேடிக்கைதான்.

இந்த நாற்சந்திப் படத்தை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதற்குப் பின் நடந்தது. ஜூன் 21 படத்தில் சாலையின் கோடுகள் எல்லாம் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கி ஓடிக் கூடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கம்பங்களும் பலகைகளும் அந்த ஓட்டத்துக்கு வாசல் தூண்கள்போல நிற்கின்றன. ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே தேர்ச்சி பெற்ற அமைப்பு அது. படம் எடுத்த பிறகு ஷோருக்கு அதுவே உறுத்தியது. தான் எங்கோ கற்றுக்கொண்ட ஒழுங்கை இந்த இடத்தின் மீது சுமத்திவிட்டோம் என்றும், பழைய நூற்றாண்டின் தீர்வை இருபதாம் நூற்றாண்டின் சிக்கலுக்குப் பூசிவிட்டோம் என்றும் தனக்குத் தோன்றியதாக அவர் பின்னர் விளக்கியிருக்கிறார். மறுநாள், ஜூன் 22 அன்று, அதே சந்திப்புக்குத் திரும்பிப் போய், எல்லாவற்றையும் ஒரே புள்ளிக்கு இழுக்கும் அந்த முதுகெலும்பு இல்லாமல், அங்கே நின்று பார்ப்பவனின் கண் எப்படி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுமோ அப்படியே படத்தை அமைக்க முடியுமா என்று முயன்றார். அந்த இரண்டாவது படத்தில் மையம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. முதல் பார்வைக்கு அது யாரோ கைதவறி எடுத்ததுபோல இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து நிமிடம் பாருங்கள்.

எனக்கு முதல் படம்தான் இன்றும் அதிகம் பிடித்திருக்கிறது. இரண்டாவதுதான் துணிச்சலானது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது சிறந்தது என்பதைவிட, ஒரே இடம், ஒரே கேமரா, ஏறக்குறைய ஒரே வெயில், அடுத்தடுத்த இரண்டு நாட்கள் என்று இருந்தும் இரண்டு வெவ்வேறு எண்ணங்கள் அங்கே உருவாகியிருக்கின்றன என்பதுதான் முக்கியம். கலை அந்தப் பெட்ரோல் நிலையத்தில் இருந்திருந்தால் இரண்டு படங்களும் ஒன்றாக இருந்திருக்கும்.

இது எப்படி நிகழ்கிறது என்பதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்திலிருக்கும் மின்கம்பத்தையும் அதற்குப் பின்னால் தொலைவிலிருக்கும் ஒரு கட்டடத்தின் விளிம்பையும் பாருங்கள். அரை அடி இடப்புறம் நகர்ந்தால் கம்பம் வெகுவாக இடம்பெயரும். கட்டடம் அசையாததுபோல இருக்கும். கம்பம் கட்டடத்தின் ஓரத்தை ஒட்டி நின்றால் இரண்டும் ஒரே பொருளாக ஒட்டிக்கொள்ளும். ஒரு விரற்கடை விலகினால் நடுவில் வானத்தின் கீற்று ஒன்று திறக்கும். அந்தக் கீற்று தெருவில் எங்கும் கிடையாது, நீங்கள் நின்ற இடத்திலிருந்து பார்த்தபோது மட்டுமே அது பிறந்தது. இரண்டு கண்ணாலும் நடந்தபடியே பார்க்கும்போது நமக்கு ஆழம் தெரிவதால் இந்த ஒட்டல்களை மூளை கவனிப்பதில்லை. கேமராவோ ஒற்றைக் கண்ணால் பார்த்து, பத்தடியில் இருப்பதையும் முந்நூறு அடியில் இருப்பதையும் ஒரே தாளில் தட்டையாக்கிப் பக்கத்துவீட்டுக்காரர்கள் ஆக்கிவிடுகிறது. நாற்சந்தி மாதிரியான இடத்தில் இப்படிப்பட்ட உறவுகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஒன்றைச் சரிசெய்ய நகர்ந்தால் மற்றொன்று கெடும். அத்தனையும் ஒருசேரத் தாங்கும் ஒரு நிற்குமிடத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஷோர் செய்த வேலை. அவர் கம்பத்தை நகர்த்தவில்லை, காரை வரவழைக்கவில்லை, ஆளை நிற்கவைக்கவில்லை. தன்னை மட்டும்தான் நகர்த்திக்கொண்டார்.

இப்படிப் பார்க்கப் பழகிவிட்டால், கலைஞன் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவே மறுத்த ஒருவரையும் புரிந்துகொள்ளலாம். யூஜின் அட்ஜே 1857-இல் பிரான்சில் பிறந்தார். கப்பலில் வேலை பார்த்தார், நாடக நடிகராக இருந்தார், இரண்டிலும் நிலைக்கவில்லை. நாற்பது வயதை ஒட்டிய காலத்தில், இடிபட்டுக்கொண்டிருந்த பழைய பாரிஸைத் தெருத்தெருவாகப் படம் எடுத்து ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் விற்பதைத் தொழிலாக்கிக்கொண்டார். கடைவாசல், படிக்கட்டு, கதவின் கைப்பிடி, முற்றத்தில் நிற்கும் தள்ளுவண்டி, குப்பை பொறுக்குபவர்களின் குடிசை என்று அவர் எடுக்காதது இல்லை. "கலைஞர்களுக்கான ஆவணங்கள்" என்றுதான் வாசலில் பலகை வைத்திருந்தார். 18-க்கு 24 செ.மீ. கண்ணாடித் தகடுகள் போடும் மரக் கேமராவைச் சுமந்துகொண்டு பெரும்பாலும் அதிகாலையில் கிளம்புவார். தகடு ஒளியை வாங்க நேரம் பிடித்ததால் நடந்துபோனவர்கள் படத்தில் புகைபோல மங்கினார்கள், அல்லது விழவே இல்லை. அதனால்தான் அவருடைய தெருக்கள் யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல இருக்கின்றன. குற்றம் நடந்த இடத்தைப்போல அவர் தெருக்களை எடுத்தார் என்ற பேச்சை ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1931-இல் எழுதிய கட்டுரையால் நிலைபெறச் செய்தார். இன்றுவரை யாரும் அதைவிட நன்றாகச் சொல்லவில்லை.

அட்ஜேவின் தெருவிலேயே மேன் ரே என்ற அமெரிக்கக் கலைஞர் குடியிருந்தார். 1912-இல் சூரிய கிரகணத்தைப் பார்க்கப் பாரிஸின் பஸ்தீல் சதுக்கத்தில் கூடிய கூட்டம் அண்ணாந்து நிற்கும் அட்ஜேவின் படம் ஒன்றை, 1926-இல் மேன் ரே சார்ந்திருந்த, கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்க முயன்ற சர்ரியலிஸ்டுகள் தங்கள் இதழ் அட்டையில் போட விரும்பினார்கள். தன் பெயரைப் போட வேண்டாம், இவை வெறும் ஆவணங்கள்தான் என்று அட்ஜே சொல்லிவிட்டார். அவர் 1927-இல் இறந்ததும், மேன் ரேயிடம் உதவியாளராக இருந்த பெரனிஸ் அபட் என்ற இளம்பெண் அவர் விட்டுச்சென்ற தகடுகளையும் அச்சுகளையும் வாங்கிப் பாதுகாத்து, நாற்பது ஆண்டுகள் அவற்றுக்காக வாதாடினார். 1968-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவற்றை வாங்கியது. அபட் தாமும் நியூயார்க்குக்குத் திரும்பி, 1930-களில் அந்த நகரத்தின் தெருக்களை அதே பொறுமையோடு படமெடுத்தார். அட்ஜேவின் எண்ணம் ஆவணம் என்பதாகவே இருக்கலாம். ஆனால் ஒரு படிக்கட்டை எடுக்க அவர் எந்தப் படியின் எதிரில் முக்காலியை வைத்தார் என்று பார்த்தால், ஓர் ஆவணத்துக்குத் தேவையான தகவலை அவர் எப்போதோ தாண்டிப் போய்விட்டார் என்பது தெரியும். நோக்கத்தைக் கேட்டுக் கலையைத் தீர்மானிக்க முடியாது என்று நான் நினைப்பதற்கு இவரே காரணம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். எந்தப் பழைய படமும் அழகாகத்தான் தெரியும். ஐம்பது ஆண்டு கழித்து என் மாமா எடுத்த பேருந்து நிலையப் படம்கூட நெஞ்சைத் தொடும். ஷோரையும் அட்ஜேவையும் நாம் ரசிப்பது அந்தக் காலத்துக் கார்களுக்காகவும் கடைப்பலகைகளுக்காகவும்தானே? பாதி உண்மைதான். காலம் எல்லாப் படங்களுக்கும் பாகுபாடில்லாமல் கொஞ்சம் சர்க்கரை தூவிவிடுகிறது. ஆகவே இந்தப் படங்களை, அவை புதிதாக இருந்தபோது பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தேடுவது பயன் தரும். அமெரிக்கப் புகைப்படக்காரர் வில்லியம் எகிள்ஸ்டன் எடுத்த வண்ணப்படங்களை 1976-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அதன் புகைப்படப் பிரிவின் பொறுப்பாளர் ஜான் ஸார்கோவ்ஸ்கி காட்சிக்கு வைத்தார். மெம்பிஸ் நகரத்துப் புறநகரில் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து, ஒரு குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளை வீட்டைவிடப் பெரிதாகக் காட்டிய படம் அதில்தான் இருந்தது. படங்கள் கச்சிதமானவை என்று ஸார்கோவ்ஸ்கி எழுதியதைப் பிடித்துக்கொண்டு, கச்சிதமாக அற்பமானவை, கச்சிதமாகச் சலிப்பூட்டுபவை என்று நியூயார்க் டைம்ஸில் கலை விமர்சகர் ஹில்டன் கிரேமர் கிழித்தார். முந்தைய ஆண்டு நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் நடந்த, மனிதன் மாற்றியமைத்த நிலக்காட்சிகளைக் காட்டிய "நியூ டோப்போகிராபிக்ஸ்" கண்காட்சியிலும் தொழிற்சாலைச் சுவர்களையும் புதுக் குடியிருப்புகளையும் கண்டு பார்வையாளர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அந்தக் கண்காட்சியில் வண்ணத்தில் எடுத்தவர் ஷோர் ஒருவர்தான்; அன்றைக்கு வண்ணம் என்பது விளம்பரக்காரர்களுக்கும் குடும்ப ஆல்பங்களுக்கும் உரியது.

அவர்களுக்கு ஏக்கம் என்ற உதவி இல்லை. அது அவர்கள் நேற்று பெட்ரோல் போட்ட இடம். உங்கள் நண்பர்கள் உங்கள் டிரான்ஸ்பார்மரைப் பார்த்துச் சிரித்தது இதே நிலையில்தான். ஆகவே சிரிப்பு உங்கள் படம் மோசம் என்பதற்குச் சான்று ஆகாது. நல்லது என்பதற்கும் ஆகாது. கிரேமர் ஏசியது எகிள்ஸ்டனை என்பதால் ஏச்சு வாங்கியவர்கள் எல்லாரும் எகிள்ஸ்டன் ஆகிவிட மாட்டார்கள்.

எல்லாரும் ஷோரைப்போல ஒற்றைப் படத்துக்குள்ளேயே வேலையை முடித்துக்கொண்டவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க ஓவியர் எட் ருஷே 1963-இல் இருபத்தாறு பெட்ரோல் நிலையங்களை மட்டும் கொண்ட ஒரு மெல்லிய புத்தகத்தை 400 பிரதிகள் அச்சிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் அந்தப் படங்கள் அக்கறையற்றவை, அவர் விரும்பியதும் அதைத்தான். 1966-இல் லாஸ் ஏஞ்சலஸின் சன்செட் ஸ்டிரிப் சாலையின் இருபக்கக் கட்டடங்களையும் வண்டியிலிருந்தபடி தொடர்ச்சியாக எடுத்து, விரித்தால் ஏறக்குறைய 25 அடி நீளும் மடிப்புப் புத்தகமாக்கினார். ஜெர்மனியில் பெர்ன்ட், ஹில்லா பெஹர் தம்பதியர் 1959 முதல் பல பத்தாண்டுகள் தண்ணீர்த் தொட்டிகளையும் சுரங்கக் கோபுரங்களையும் மேகமூட்டமான நாளில், நிழல் விழாமல், ஒரே தோரணையில் எடுத்து, ஒன்பதாகவோ பன்னிரண்டாகவோ அடுக்கி மாட்டினார்கள். ஒரு தொட்டியைப் பார்த்தால் தொட்டி. ஒன்பதைப் பார்த்தால் ஒவ்வொன்றின் மூக்கும் முழியும் வேறாகத் தெரியத் தொடங்கும். 1990-இல், உலகின் மூத்த கலைவிழாக்களில் ஒன்றான வெனிஸ் பியெனாலே அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தது, புகைப்படம் எடுத்ததற்கு. இந்த முறையைப் பின்பற்றுவது சுலபம் என்பதால் இன்று வரிசை வரிசையாக எதையாவது எடுத்து அடுக்குவது ஒரு நோயாகிவிட்டது என்பதும் என் கருத்து.

இனி உங்கள் படத்துக்கு வருகிறேன். கைப்பேசியின் வழக்கமான லென்ஸ் அகலமானது. அது பக்கத்தில் இருப்பதைப் பெருக்கித் தொலைவில் இருப்பதைச் சுருக்கும். ஆகவே தெருமுனையை எடுத்தால் சட்டகத்தின் கீழ்ப்பாதியில் வெறும் தார்ச்சாலைதான் கிடக்கும். அதைத் தவிர்க்கக் கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்தால் கம்பங்களும் சுவர்களும் மல்லாக்கச் சாய்ந்துவிடும். அட்ஜேவும் ஷோரும் பயன்படுத்திய கேமராக்களில் கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே உயர்த்த முடியும்; அவர்களுடைய கட்டடங்கள் நிமிர்ந்து நிற்பதன் காரணம் அதுதான். அட்ஜே அளவுக்கு மீறி உயர்த்திய படங்களில் மேல் மூலைகள் கறுத்து வளைந்திருப்பதையும் காணலாம். உங்களுக்கு அந்த வசதி இல்லாததால், கைப்பேசியைச் செங்குத்தாகப் பிடித்து எடுத்துவிட்டுப் பின்னர் கீழ்ப்பாதியை வெட்டலாம், அல்லது எதிர்வீட்டின் முதல் மாடியிலிருந்து எடுக்கலாம். இரண்டு மடங்கு (2x) லென்ஸ் இருந்தால் பின்னால் போய் அதைப் பயன்படுத்துவது இன்னும் நல்லது.

வெளிச்சம் அடுத்த சிக்கல். நம் ஊர் மத்தியான வெயிலில் டீக்கடையின் உட்புறம் கரியாகவும் சுவர் சுண்ணாம்பாகவும் ஆகிவிடும். காலை ஏழு மணிக்கு முன்போ, மழை மூட்டத்திலோ போனால் கடைக்குள் தொங்கும் வாழைத்தாரும் சுவரின் எழுத்தும் ஒருங்கே தெரியும். முக்காலி கொண்டுபோக நினைத்தால் ஓர் எச்சரிக்கை: நான் ஒருமுறை வைத்து நின்றபோது ஐந்து நிமிடத்தில் நான்கு பேர் கூடி, "சார், ரோடு அகலப்படுத்த வந்திருக்கீங்களா? எங்க வீடு போகுமா?" என்று கேட்டார்கள். நம் ஊரில் ஒருவன் தெருவை உற்றுப் பார்க்கிறான் என்றால் இடிக்க வந்தவனாகத்தான் இருக்க வேண்டும். கேமராவின் பின்னாலிருக்கும் கண்ணாடியில் தெரியும் படத்தை அவர்களுக்குக் காட்டிய பிறகுதான் சமாதானமானார்கள். ஒரு பெரியவர் கம்பம் வீட்டை மறைக்கிறது, கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று யோசனையும் சொன்னார். சரியான யோசனை.

நீங்கள் விவரித்திருப்பதை வைத்துச் சொன்னால், உங்கள் படத்தில் எனக்கு ஆர்வமூட்டுவது டிரான்ஸ்பார்மர் இல்லை, பின்சுவர். கட்சிக்காரர்கள் வெள்ளையடித்துப் பெயரும் ஆண்டும் எழுதி ஒதுக்கிவைத்த சுவரின் மீது பள்ளிக்கூட விளம்பரம் வந்து, அதுவும் உரிந்து, அடியிலிருந்து பழைய ஆண்டு எட்டிப் பார்க்கிறது என்கிறீர்கள். ஆனால் டிரான்ஸ்பார்மரை நட்டநடுவில் வைத்ததால் அதன் இரண்டு கம்பங்களில் ஒன்று அந்த எழுத்தின் மீதே விழுந்துவிட்டது. டீக்கடையின் தகரச் சாய்ப்பு வலது விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்டிருக்கிறது. படத்தின் கதாநாயகன் டிரான்ஸ்பார்மர் என்று முன்பே முடிவு செய்துவிட்டு நின்றிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இரண்டு எட்டு இடப்புறம் போய், சாய்ப்பின் முனை முழுதாக உள்ளே வரும்வரை பின்வாங்கி, கம்பத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளைச் சுவர் திறக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். அங்கே சாக்கடை இருந்து நிற்க முடியாமல் போகலாம். அப்படியானால் எதிர்ப்புறத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாவது படத்தை எடுத்ததும் முதல் படத்தையும் அழிக்காமல் சேர்த்தே அனுப்புங்கள்.